கடைசி இரண்டு ரீல்

வைகை அணையின் நீர்மட்டத்தைத் தினமும் காலையில் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்த வருடங்களில் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. மழை இல்லை. அணைக்குள் ஆடு மேய்ந்தது. நேற்று எழுதிய எண்ணிலிருந்து கொஞ்சம் குறைத்து இன்றைக்கு எழுதுவேன். அதற்குப் பிறகு மாலை வரைக்கும் நான் ஒரு சினிமா விமர்சகன்.

தேனியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் அச்சகத்தில் தாள் மிஞ்சினால், ஒரு சிற்றிதழ் வந்துகொண்டிருந்தது. அதில் எழுதினேன். எனக்கு எந்தப் படமும் பிடிக்காது என்று ஊரில் ஒரு பேர் உண்டு. அதை நான் மறுத்ததில்லை. வேறு பேர் ஏதும் எனக்கு இருக்கவில்லை. முடிவில் கல்யாணம் நடந்தால் அந்தப் படத்தைத் திட்டுவேன். யாராவது செத்தால் கொஞ்சம் பாராட்டுவேன். எல்லோரும் செத்தால் இரண்டு பக்கம் கூடுதலாக எழுதுவேன். நிறையப் படித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். துக்கம் என்றாலே ஆழம் என்று எப்படியோ மண்டையில் ஏறியிருந்தது. அணையில் வேலை பார்ப்பவன் ஆழத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்கலாம்.

என் கட்டுரைகளை வரி விடாமல் படித்தவன் ஒருத்தன்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த நண்பன். பழனிசெட்டிபட்டியில் தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். கிணறுகள் வற்றிப்போய், மோட்டார்கள் வெறும் காற்றை இழுத்துக் கருகிக்கொண்டிருந்த பருவம் என்பதால் அவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. காயிலைச் சுற்றிக்கொண்டே என் கட்டுரையைப் படிப்பான். "என்னலே, இந்தப் படத்துலயும் எல்லாரும் உசுரோட இருக்காய்ங்கன்னு வருத்தப்பட்டிருக்க?" என்பான்.

எங்கள் இருவருக்கும் பொதுவாகப் பிடித்தது ஒரே ஒரு படம். படம் என்றால் மூன்று பாகம். வெளிநாட்டுக்காரர்கள் எடுத்தது; தமிழ் பேசித் தேனிக்கு வரும்போது பாதி உலகம் அதை மறந்திருக்கும். செத்தவர்களின் நாட்டுக்கு ஒரு கதவு. அதை எவனோ திறந்துவிட்டான். உள்ளே இருந்தவை எல்லாம் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. ஒரு ஓடக்காரனும் ஒரு ரொட்டிக்காரனும், இரண்டு பேரும் சாதாரண ஆட்கள், சாவியை எடுத்துக்கொண்டு பனிமலைக்குப் போய் அந்தக் கதவைப் பூட்டவேண்டும். ஒரு கதவைப் பூட்ட ஒன்பது மணி நேரம் என்று நான் அதைக் கிண்டல் செய்து எழுதினாலும், முதல் பாகத்தை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாம் பாகத்தின் முடிவில் ஓடக்காரனுக்குக் கால் போய்விடுகிறது. ரொட்டிக்காரன் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு மலையைப் பார்க்கிறான். தொடரும் என்று போட்டார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது நண்பன், "அம்புட்டு மலையையும் இவனச் செமந்துக்கிட்டே ஏறணுமாடா?" என்றான். அவனுக்கே மூச்சு வாங்கியது. படத்தின் பாதிப்பு என்று நினைத்தேன்.

மூன்றாம் பாகம் வருவதற்குள் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் மதுரைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தான். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம். நான் போகும்போதெல்லாம், "இன்னைக்கு அணையில எத்தனை அடி?" என்று கேட்பான். சொல்வேன். "ஒன் அணைக்கும் எனக்கும் ஒரே டாக்டர்தான் போல" என்பான்.

வேறு வழி ஒன்று இருந்தது. அவன் மனைவியின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அவர் அன்றைக்கே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். இவன்தான் பிடி கொடுக்கவில்லை. இவன் மட்டும் போனால் ஒரு நஷ்டம். அறுவைக்குப் பிறகு அவரும் படுத்துவிட்டால், பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்பது அவன் கணக்கு. யார் கேட்டாலும் ஒரு பதிலை வைத்திருந்தான். "மூணாம் பாகம் வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

வேடிக்கைக்குச் சொல்கிறான் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். அவன் மனைவி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் என்னை வழியனுப்ப வாசல் கேட் வரைக்கும் வந்தார்.

"அண்ணே, அவுக வெளையாட்டுக்குச் சொல்றாகன்னு நெனைக்காதீக. தூக்கத்துலயும் அந்த ரொட்டிக்காரனப் பத்தித்தான் பேசுறாக. தூக்கிட்டுப் போனானே, அவனும் சேந்து செத்துருவானான்னு எங்கிட்டக் கேக்குறாக. நான் படமே பாத்ததில்ல, நான் என்னத்தச் சொல்ல?"

"நான் பாத்துட்டு வந்து சொல்றேன் தங்கச்சி."

"நல்லபடியாச் சொல்லுங்கண்ணே" என்றார்.

படத்தில் உள்ளதைத்தான் சொல்லமுடியும் என்று அவருக்கு விளக்கினேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுக் கோடையில் படம் தேனிக்கு வந்தது. அவனால் மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியாது. அரைமணிக்கு ஒருமுறை கால் இழுத்துப் பிடிக்கும். "நீ போயிட்டு வா. தீர்ப்பு ஒன்னுதுதான்" என்றான். அலுவலகத்தில் வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு மதியக் காட்சிக்குப் போனேன். வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்கள்தான் பாதிப் பேர். ரொட்டிக்காரன் ஓடக்காரனைச் சுமந்துகொண்டு ஏறினான், ஏறினான், ஏறிக்கொண்டே இருந்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அவனுக்காக முனகினார். கடைசியில் மலை உச்சிக்கு வந்து இருவருமாகச் சேர்ந்து சாவியைத் திருப்புகிறார்கள். கதவு மூடுகிறது. மலை ஆடுகிறது. இரண்டு பேரும் ஒரு பாறையில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து விழுகிறார்கள். பனி பெய்கிறது. முகம் மூடுகிறது, கை மூடுகிறது. திரை முழுக்க வெள்ளை.

விளக்கைப் போட்டுவிட்டார்கள். நன்றி, மீண்டும் வருக என்ற ஸ்லைடு வந்தது.

பக்கத்தில் இருந்தவர் செருப்பைத் தேடிக்கொண்டே, "என்னங்க, பொசுக்குனு முடிச்சுட்டாய்ங்க?" என்றார். நான் அவரை இரக்கத்தோடு பார்த்தேன். இதையெல்லாம் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டும். திரையை வெள்ளையாக விட்டுவிட்டு ஒரு சொல் இல்லாமல் எழுந்து போகிறான் ஒரு கலைஞன். இவர் செருப்பைத் தேடுகிறார். எனக்கு உடம்பு சிலிர்த்திருந்தது. இருபது வருடமாக நான் எந்த முடிவுக்காகக் காத்திருந்தேனோ அந்த முடிவு தேனியில், முறுக்கு வாசனைக்கு நடுவில் கிடைத்துவிட்டது.

அந்தச் சிலிர்ப்போடுதான் நேரே பழனிசெட்டிபட்டிக்குப் போனேன். வழியில் நின்று ஒரு டீ குடித்திருக்கலாம். கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். மனைவி அடுப்படிக் கதவோரம் நின்றார்.

"பூட்டிட்டாய்ங்களா?" என்றான்.

"பூட்டிட்டாய்ங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல மாப்ள. அதான் விசயமே. ரெண்டு பேரும் அங்கனயே, அந்தப் பாறையில. பனி மூடுது. அவ்வளவுதான். வீடு திரும்புறது, கட்டிப்பிடிச்சு அழுகுறது, ஒரு மண்ணும் கெடையாது. நான் பாத்ததுலயே நேர்மையான முடிவு."

"செமந்துட்டுப் போனவனும்?"

"அவனும்தான்."

கொஞ்ச நேரம் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தான். காயில் கட்டுகிறவன்; சத்தத்தை வைத்தே அதற்கு எவ்வளவு நாள் என்று சொல்லிவிடுவான். "நல்ல படம்னு சொல்றியா?" என்றான்.

"ரொம்ப நல்ல படம்."

"நீ ஒரு படத்த நல்லாருக்குன்னு சொல்லிட்டியே. அது போதும்டா" என்று சிரித்தான். அடுப்படிக் கதவோரத்தில் இப்போது யாரும் இல்லை. உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது, வழக்கத்தைவிட மெதுவாக.

அடுத்த வாரம் மதுரையில் அறுவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

நான் கட்டுரை எழுதினேன். வீடு திரும்பாதவர்கள் என்று தலைப்பு. ஆறு பக்கம். வீடு என்ற மாயை, திரும்புதல் என்ற பொய், வெண்மை என்ற மௌனம் என்றெல்லாம் அதில் இருந்தது. இதழ் வெளிவரும்போது படம் தேனியை விட்டுப் போயிருந்தது. இருபது நாள் கழித்துக் கம்பத்திலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. ஏலக்காய் வியாபாரி ஒருவர், என் எழுத்தைத் தொடர்ந்து படிப்பதாக முதல் வரியில் சொல்லியிருந்தார். இரண்டாவது வரியில், ஐயா நீங்கள் பார்த்தது எந்தப் படம் என்று பணிவோடு கேட்டிருந்தார். கம்பத்தில் அவர் பார்த்த படத்தில் அந்தப் பனிக்குப் பிறகு ஒரு நாய் குரைக்கிறது. ஆட்கள் வந்து தோண்டி எடுக்கிறார்கள். இருவரும் ஊருக்குத் திரும்பி, ஒருத்தன் ஓடம் விடுகிறான், ஒருத்தன் ரொட்டி சுடுகிறான், ஓடக்காரனுக்குக் கல்யாணம் நடக்கிறது. இதெல்லாம் அரைமணி நேரம் ஓடுகிறது. நடுவில் வரும் போர்தான் கம்பத்தில் கொஞ்சம் குறைவாக இருந்தது என்றும் எழுதியிருந்தார்.

அட்டையை மூன்று முறை படித்தேன். பிறகு தியேட்டருக்குப் போனேன். ஆபரேட்டர் மாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து தூக்குச்சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசி ரெண்டு ரீல் ஓட்டல சார்" என்றார், சாம்பாரில் உப்பு இல்லை என்பது மாதிரி. "நாலு காட்சி ஓட்டணும்ல. நீளமான படம். எங்கனயாச்சும் கைய வச்சுத்தான் ஆகணும்."

"கடைசியிலயா கைய வைப்பீக?"

"வேற எங்கன வைக்க? சண்டையில வெட்டுனா சீட்டக் கிழிக்கிறாய்ங்க. கடைசியில வெட்டுனா ஒரு பய கேக்கமாட்டான். கதவு பூட்டுனதும் ஜனம் எந்திரிச்சிருது சார். முப்பது வருசமாப் பாக்குறேன். வில்லன் செத்தா எந்திரிச்சிருவாய்ங்க. அதுக்கப்புறம் நான் யாருக்கு ஓட்ட? நாற்காலிக்கா?" ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எம் மனசுக்கு அது சரியாத்தான் இருந்துச்சு. வெள்ளையா முடிஞ்சுச்சுல்ல?" என்றார்.

சரியாகத்தான் இருந்தது. ஆறு பக்கம் எழுதும் அளவுக்குச் சரியாக இருந்தது. இவர் தூக்குச்சட்டியைத் திறப்பதற்கு முன்னால் செய்த வேலையைத்தான் நான் ஒரு கலைஞனின் மௌனம் என்று எழுதியிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் திருட்டு சி.டி. வாங்கினேன். எங்கோ ஒரு தியேட்டரில் உட்கார்ந்து காமிராவில் பிடித்தது. கதவு பூட்டியதும் முன்வரிசையில் தலைகள் எழுந்தன. பிறகு படமே ஆடி, கூரை தெரிந்து, நின்றுவிட்டது. படம் பிடித்தவனும் எழுந்துவிட்டான்.

மறுபடி ஆபரேட்டரிடம் போய் நின்றேன். பெட்டி வந்ததும் எல்லா ரீலையும் சுற்றிப் பார்த்து, கிழிந்த இடங்களை வெட்டி ஒட்டும்போது நறுக்கிப்போட்ட துண்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. கடைசி ரீலில் உள்ளது என்று ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு பிலிம். அதில் நாலைந்து கட்டம். இரண்டு ஆட்கள், ஒரு பாதை, மரம் மாதிரி ஏதோ. அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பழனிசெட்டிபட்டிக்குப் போனேன். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கம்பத்து அட்டையைக் காட்டினேன். நாய், ஓடம், ரொட்டி, கல்யாணம். இத்தனை சந்தோஷமான சமாசாரங்களை ஒரே மூச்சில் என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. சொல்லும்போதே என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அவன் ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டான். மிகவும் மெலிந்திருந்தான்.

"அவ சொல்லச் சொன்னாளா?"

"இல்லடா. சத்தியமா."

"கம்பத்து அட்டைய நீயே எழுதிருப்ப. நீ எழுத்தாளன்ல."

"மாப்ள, ஆபரேட்டரக் கூட்டிட்டு வரட்டுமா?"

"கல்யாணம் வேற நடக்குதா?" என்றான். "ஏலே, முப்பது வருசமா ஒன்ன எனக்குத் தெரியும். கல்யாணத்துல முடிஞ்ச படத்த நீ நல்லாருக்குன்னு சொன்னதே இல்ல. இப்ப எனக்காக ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சு, நல்ல படங்கிற."

பிலிம் துண்டைக் கையில் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பொருந்துமா பொருந்தாதா என்று செம்புக் கம்பியைப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டு பேரு நடக்குறாய்ங்க" என்றான். "இவிங்க போறாய்ங்களா, வாராய்ங்களா?"

நானும் வாங்கிப் பார்த்தேன். முதுகா முகமா என்று தெரியவில்லை. வருகிறார்கள் என்றேன். "சரி" என்றான். நான் கிளம்பும்வரை அந்தத் துண்டைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஆடியில் செத்துப்போனான். அணையில் தண்ணீர் வந்திருந்த சமயம். அந்த எண்ணை அவனிடம் சொல்லியிருந்தேன். பரவாயில்லையே என்றான்.

என்னால்தான் என்று சில வருடங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்கிற வேலைதான் என்று பிறகு தோன்றியது. ஒரு சிற்றிதழ் விமர்சகன் சொல்லி யாரும் ஒரு படத்துக்குப் போனதுமில்லை, போகாமல் இருந்ததுமில்லை. அவன் முதலிலேயே முடிவு செய்திருக்கலாம். அதற்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது, நான் போட்டேன். அறுவை நடந்திருந்தால் பிழைத்திருப்பானா என்பதும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒருத்தன் ஒரே ஒரு கேள்வி கேட்டான், நான் அதற்குப் பதில் சொல்லாமல் என் ரசனையைச் சொன்னேன். அதற்குப் பிறகு விமர்சனம் எழுதவில்லை. சிற்றிதழும் நின்றுவிட்டது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் மூன்று பாகமும் அசல் டி.வி.டி.யாக என் கைக்கு வந்தது. வீட்டில் தனியாகப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழனிசெட்டிபட்டிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவன் மனைவி அப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போயிருந்தாள். அவள் வாங்கி வைத்த பிளேயரும், அரசாங்கம் கொடுத்த டி.வி.யும் இருந்தன. மூன்றாம் பாகத்தின் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் போட்டேன். எதற்காக என்று அவரும் கேட்கவில்லை. கையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே பார்த்தார்.

சாவி திரும்பியது. கதவு மூடியது. பனி. வெள்ளை.

அவர் எழுந்துவிட்டார். கொக்கி டப்பாவை மூடிக்கொண்டு, "டீ போடுறேண்ணே" என்று அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"உக்காரு தங்கச்சி" என்றேன். "இன்னும் அரைமணி நேரம் இருக்கு."

உட்கார்ந்தார். நாய் குரைத்தது. கம்பத்து வியாபாரி ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, எல்லாம் இருந்தது. என் பழைய அளவுகோலில் பார்த்தால் மிக மோசமான அரைமணி. வயலின் நிற்கவே இல்லை. எல்லோரும் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்தவர்கள் திரும்பவும் அழுதார்கள். ஒரு இடத்தில் இரண்டு பேர் மரங்களுக்கு நடுவே ஒரு பாதையில் நடந்தார்கள். அந்தத் துண்டில் இருந்த பாதைதான். வந்துகொண்டிருந்தார்கள்.

கல்யாணப் பந்தியில் கேமரா ஒவ்வொரு முகமாகப் போனது. அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"இதுல தூக்கிட்டுப் போனவன் எவண்ணே?"

காட்டினேன். ரொட்டிக்காரன் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு, யார் சொன்னதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

அவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கான்" என்றார்.